திரானி பேராலயமும் மணிக்கோபுரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் பாரி நகரத்துக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போகிற இடம் திரானி. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், அதன் விளிம்பில் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய பேராலயம், அதை ஒட்டி ஒரு மணிக்கோபுரம். போய்வந்தவர்கள் தங்கள் நண்பர்களிடம் சொல்ல, அவர்கள் எனக்கு எழுத, அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

திரானி எங்க இருக்கு? அங்க அப்படி என்ன விசேஷம்?

இத்தாலியை ஒரு காலணி என்று வைத்துக்கொண்டால், குதிகால் பக்கம் இருக்கும் மாநிலம் புலியா. அதன் தலைநகரம் பாரி. அங்கிருந்து அட்ரியாட்டிக் கடற்கரையோடு வடமேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் போனால் திரானி. மீன்பிடிப் படகுகள் நிற்கும் வட்டமான துறைமுகம், வெள்ளைக் கல் வீடுகள், குறுகலான சந்துகள். துறைமுகத்தைத் தாண்டி ஒரு திருப்பத்தில் வந்தால் திடீரென்று பெரிய வெட்டவெளி. அதில் பேராலயம் தனியாக நிற்கிறது, பின்னால் கடல். ஐரோப்பாவில் பழைய பேராலயங்கள் பெரும்பாலும் ஊரின் நடுவில் வீடுகள் நெருக்கியடிக்க நிற்கும். இது அப்படி இல்லை, சுற்றிலும் காற்றும் வெளிச்சமும்தான்.

1099ல் கட்ட ஆரம்பித்தார்கள். இந்தச் சுற்றுவட்டாரக் குவாரிகளில் வெட்டிய சுண்ணாம்புக்கல். வெளிர் வெள்ளையில் இளஞ்சிவப்பு கலந்த மாதிரி இருக்கும், ‘திரானிக் கல்’ என்றே அதற்குப் பெயர். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் காட்டும்.

பாரியிலிருந்து எப்படிப் போறது? டாக்ஸி பிடிக்கணுமா?

வேண்டவே வேண்டாம். பாரி மத்திய நிலையத்திலிருந்து ஃபோஜா பக்கம் போகும் ரயில் பாதையில்தான் திரானி இருக்கிறது. பிராந்திய ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து பேராலயத்துக்கு நடந்தால் இருபது நிமிடம், மேடு எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை போட வேண்டும். செல்போனில் வாங்கினால் பயணத்துக்கு முன் ‘செக்-இன்’ பொத்தானை அழுத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் இதைச் செய்யாமல் அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பரிசோதகரிடம் ‘தெரியாது’ என்று சொன்னால் எடுபடாது.

எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரத்துல பார்த்துட்டுத் திரும்பிடலாமா?

பார்த்துவிடலாம், ஆனால் முகப்பைத்தான் பார்த்திருப்பீர்கள். இந்தக் கோயிலின் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. இன்னொரு பெரிய பங்கு வெளியே, கடல் பக்கத்துச் சுவரில். கோபுரமும் ஏற வேண்டுமானால் கோயிலுக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரையும் சேர்த்தால் ஒரு முழு நாள். காலை ரயிலில் வந்து சூரியன் இறங்கிய பிறகு திரும்புவதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு.

நாங்க கிறிஸ்தவங்க இல்ல. உள்ள விடுவாங்களா? செருப்பைக் கழட்டணுமா?

யாரும் மதம் கேட்க மாட்டார்கள், தாராளமாகப் போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டாம். வாசலில் கழற்றி வைத்தால்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதுதான். கோடையில் கையில்லாத உடுப்பில் வருகிறவர்கள் பையில் ஒரு துப்பட்டா வைத்திருந்தால் போதும். சேலை, சுடிதார், வேட்டி எதற்கும் தடை இல்லை. தொப்பி வைத்திருக்கும் ஆண்கள் உள்ளே போகும்போது எடுத்துவிடுங்கள்.

திருப்பலி, அதாவது பூசை, நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். எல்லோரும் எழுந்தால் எழுந்திருங்கள், முட்டி போட வேண்டிய கட்டாயம் இல்லை. நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் மட்டும் போகாதீர்கள். நம் கோயில் பிரசாதம் மாதிரி வருகிற எல்லோருக்கும் கொடுப்பது இல்லை அது, கத்தோலிக்கர்களுக்கு அது ஆண்டவரின் உடல். நல்லெண்ணத்தோடுதான் கை நீட்டுவீர்கள், ஆனாலும் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும்.

எப்போ திறந்திருக்கும்? டிக்கெட் எவ்வளவு?

நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் எண்களை இங்கே எழுதவில்லை. மாறாத சில விஷயங்களைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக் கோயில்கள் மதியம் மூடும் வழக்கம் உள்ளவை. அதனால் பன்னிரண்டரைக்கு வந்து நின்றால் கதவைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் கழியும். காலை பத்துக்குள் வந்துவிடுங்கள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க முடியாது. கோபுரம் ஏறுவதற்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். கையில் கொஞ்சம் சில்லறை வைத்திருப்பது நல்லது.

சனிக்கிழமை போனோம், உள்ள கல்யாணம் நடந்துட்டு இருந்துச்சு. விடவே இல்ல. அது எப்படி நியாயம்?

நியாயம்தான். இது அருங்காட்சியகம் அல்ல, இன்றைக்கும் ஒரு பேராயரின் ஆலயம். ஊர்க்காரர்கள் இங்கேதான் ஞானஸ்நானம் வாங்குகிறார்கள், தாலி கட்டுகிற மாதிரி மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள், பெட்டியில் படுத்துக் கடைசியாக வருகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கல்யாணம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மாட்டிக்கொண்டால் வெளியே நின்று பாருங்கள். அந்தப் பெரிய படிக்கட்டில் மணமக்கள் இறங்கி வருவதும், உறவினர்கள் அரிசியை வீசி வாழ்த்துவதும் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அரிசி நமக்குப் புதிதா என்ன, அட்சதைதானே.

யார் இந்த நிக்கோலா? பாரியில இருக்கிற அதே சாமிதானே?

இதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி. இல்லை, இவர் வேறு ஆள். பாரியில் இருப்பவர் மீராவின் ஆயர் நிக்கோலா, கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமானவர். அவருடைய எலும்புகளை 1087ல் பாரி மாலுமிகள் இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவிலிருந்து கொண்டுவந்தார்கள். அதிலிருந்து யாத்ரீகர் கூட்டம் பாரியை நோக்கித் திரும்பியது.

திரானியில் இருப்பவர் ‘யாத்ரீகர் நிக்கோலா’. கிரேக்கத்தின் பியோஷியா பகுதியில் பிறந்த ஏழைப் பையன். கையில் ஒரு சிலுவை, வாயில் எப்போதும் ‘கீரியே எலேயிசோன்’. நம் ஊர்த் தேவாலயங்களில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று சொல்கிறார்களே, அதன் கிரேக்க வடிவம்தான் அது. ஓயாமல் அதையே கூவிக்கொண்டு திரிந்ததால் பைத்தியம் என்று அடித்தார்கள், துரத்தினார்கள். கடல் கடந்து புலியாவுக்கு வந்து, குழந்தைகளுக்குப் பழம் கொடுத்து அவர்களையும் கூடவே கூவச் செய்துகொண்டு ஊர் ஊராக நடந்தார். கடைசியில் திரானிக்கு வந்து, 1094 ஜூன் 2ஆம் தேதி இறந்தார். வயது இருபதைக்கூடத் தொடவில்லை.

நாலே வருடத்தில், 1098ல், போப் இரண்டாம் உர்பான் அவரைப் புனிதராக அறிவித்தார். அடுத்த வருடமே கோயில் வேலை தொடங்கியது. பாரிக்கு ஒரு நிக்கோலா கிடைத்த கொஞ்ச காலத்தில் திரானிக்கும் ஒரு நிக்கோலா, அவருக்கு ஒரு பெரிய கோயில். இதில் துறைமுக ஊர்களுக்கு நடுவே இருந்த போட்டியும் கலந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ராஜாவுக்கோ ஆயருக்கோ எழுப்பிய கோயில் இல்லை இது. ஊர் ஊராக விரட்டியடிக்கப்பட்ட, செருப்பில்லாத ஒரு அந்நியப் பையனுக்கு எழுப்பியது. அவருடைய திருப்பண்டம், அதாவது உடலின் எச்சங்கள், இன்றும் கீழே நிலவறையில் இருக்கிறது.

ஒரு கோயிலுக்குள்ள மூணு கோயில் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஒன்றன்மேல் ஒன்றாக. அதனால்தான் முகப்பின் கதவு தரையில் இல்லாமல் இரண்டு பக்கமும் படிகள் ஏறும் ஒரு மேடைமேல் இருக்கிறது. நீங்கள் ‘கோயில்’ என்று நினைத்து ஏறுவது உண்மையில் மேல்மாடி.

எந்த வழியாக உள்ளே விட்டாலும் முதலில் கீழே போங்கள், ஆழத்திலிருந்து மேலே ஏறி வாருங்கள். ஆக அடியில் புனித லெயூச்சியோவின் நிலவறை. லெயூச்சியோ பிரிந்திசியின் முதல் ஆயர் என்று சொல்லப்படுபவர். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கடல் மட்டத்துக்கும் ஒன்றரை மீட்டர் கீழே. தாழ்ந்த கூரை, குறுகிய நடைபாதை, சுவரில் ஆங்காங்கே ஓவியத் துணுக்குகள். அதற்கு மேல், இன்றைய நடுக்கூடத்துக்கு அடியில், மரியாவின் பழைய ஆலயம். திரானியின் முந்தைய பேராலயம் நின்ற இடம் அது. அங்கிருந்து அதே தளத்தில், குறுக்கு மண்டபத்துக்கு அடியில் இருக்கும் யாத்ரீகர் நிக்கோலாவின் நிலவறைக்குப் போகலாம். மெல்லிய பளிங்குத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்க, கூரை எதிர்பாராத உயரத்துக்குப் போகும். நிலவறை என்ற சொல்லைக் கேட்டு இருட்டை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கேதான் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். ஜன்னல் வழியாகக் கடல் பக்கத்து வெளிச்சம் உள்ளே விழுகிறது.

அப்புறம்தான் மேலே, 12ஆம் நூற்றாண்டின் பெரிய கோயிலுக்கு வர வேண்டும். ஏறும்போது உங்களுக்கே புரியும், பழையதை இடித்துத் தள்ளாமல் அதையே அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள்.

கடல் மட்டத்துக்குக் கீழன்னா தண்ணி உள்ள வராதா? புள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாமா?

பயப்படாமல் கூட்டிப்போங்கள். நான் போன ஒரு தடவைகூடத் தண்ணீர் தேங்கி நின்று பார்த்ததில்லை. அட்ரியாட்டிக்கின் இந்தப் பக்கத்தில் கடல் ஏறி இறங்குவதும் நம் கடற்கரைகளில் பார்க்கிற அளவுக்கு இல்லை.

ஆனால் ஈரம் உண்டு. உண்மையான எதிரி அலை இல்லை, உப்பு. சுண்ணாம்புக்கல்லின் நுண்ணிய துளைகளில் உப்புத்தண்ணீர் ஊறி, காயும்போது உப்பு படிகமாக விரிந்து கல்லை உள்ளிருந்து நெம்பும். கொஞ்சம் கொஞ்சமாகச் செதில் உதிரும். கடல் காற்று படும் வெளிச்சுவரில் அரித்துப்போன சிற்பங்களைப் பார்த்தால் தெரியும். அதனால் குழந்தைகள் சுவரைச் சுரண்டாமல், ஓவியத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் விரல் பிசுக்கும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

மேல போய் பார்த்தா ரொம்ப வெறுமையா இருக்கே. ரோம்ல பார்த்த மாதிரி தங்கம், ஓவியம் எதுவும் இல்லையே?

இங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது. பிற்கால நூற்றாண்டுகளில் ஆடம்பர அலங்காரம் நிறைந்த பரோக் பாணியில் சுதை வேலை, பீடங்கள், பூச்சு எல்லாம் சேர்த்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த பெரிய சீரமைப்பில் அவற்றை அகற்றி, இடைக்காலக் கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த முடிவு சரியா என்று கேட்டால் எனக்கும் முழுச் சம்மதம் இல்லை, முன்னூறு வருடங்களாக மக்கள் கும்பிட்ட அடுக்கும் சரித்திரம்தானே. ஆனால் இப்போது கண்முன் இருப்பது வெறுமை இல்லை.

நடுக்கூடத்தில் நின்று தூண்களை எண்ணுங்கள். வளைவுகளைத் தாங்குவது ஒற்றைத் தூண் இல்லை, இரண்டிரண்டாக ஜோடித் தூண்கள். புலியாவின் மற்றப் பெரிய கோயில்களில் இப்படிப் பார்க்க முடியாது. அதற்கு மேல் பக்கவாட்டு மாடங்களின் மும்மூன்று திறப்புகள், அதற்கும் மேல் மரக்கூரை. பீடத்தின் பக்கம் தரையில் பழைய மொசைக்கின் மிச்சங்கள் இருக்கின்றன. ஆதாம் ஏவாள் ஒரு பக்கம், வானத்தில் பறக்கும் மாவீரன் அலெக்சாந்தர் இன்னொரு பக்கம். ஒத்ராந்தோ ஊர்ப் பேராலயத்தின் முழுத் தரையையும் மூடியிருக்கும் 1160களின் மொசைக்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், இரண்டும் ஒரே குடும்பம். கிரேக்க ராஜா கோயில் தரைக்கு எப்படி வந்தார் என்றால், ஆகாயத்துக்கு ஏறப் பார்த்த அகந்தைக்கு உதாரணமாக.

வாசல்ல இருக்கிற வெண்கலக் கதவு டூப்ளிகேட்னு ஒருத்தர் சொன்னாரு. அப்போ ஒரிஜினல் எங்க?

உள்ளேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள். மேலே சொன்ன உப்புக்காற்றுதான் காரணம். எண்ணூறு வருடம் கடல் காற்றில் நின்ற கதவை எடுத்துச் செப்பனிட்டு உள்ளே வைத்துவிட்டு, வெளியே நகலை மாட்டியிருக்கிறார்கள்.

செய்தவர் இந்த ஊர்க்காரர், திரானியின் பாரிசானோ. 1170களின் பிற்பகுதி. ஒரு அச்சைத் தயார் செய்து அதையே பல தடவை வார்க்கிற முறையில் வேலை செய்தவர். அதனால் இதே புனிதர்கள், இதே வில்வீரர்கள், மேற்குக் கடற்கரையில் அமால்ஃபி பக்கத்து ரவெல்லோவில் 1179ல் வைத்த கதவிலும், சிசிலியின் மொன்ரியாலே பேராலயத்துப் பக்கக் கதவிலும் வருவார்கள். இங்கே மட்டும் ஒரு தனிப் பலகை உண்டு. யாத்ரீகர் நிக்கோலா நிற்க, அவர் காலடியில் குட்டியாக ஒரு உருவம் முட்டி போட்டிருக்கும். அது பாரிசானோவேதான், பக்கத்தில் பெயரும் பொறித்திருக்கிறார். மொத்தக் கதவில் ஒரே ஒரு பலகைதான் பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள்.

கோபுரத்துல ஏற முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

ஏறலாம், ஆனால் அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள். ஏறத்தாழ 59 மீட்டர் உயரம், மின்தூக்கி கிடையாது. சில இடங்களில் படி குறுகலாக இருக்கும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். தலைசுற்றல், இதய நோய், நெரிசல் பயம் உள்ளவர்களும் கீழேயே இருந்துவிடலாம். கோயிலுக்குப் பின்னால் கடலோரமாக நடைபாதை இருக்கிறது. அம்மா அங்கே நடந்து, மூன்று அரைவட்ட மாடங்களும் சுவரோடு உயரமாக எழும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உண்மையில் இந்தக் கோயிலின் மிக அழகான பக்கம் அதுதான், ஏறாதவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஏறுகிறவர்களுக்கு மேலேயிருந்து துறைமுகத்தின் வட்டம் முழுதாகத் தெரியும், கோட்டை, மொட்டைமாடிகள், எல்லா நிறத்திலும் கடல். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கார்கானோ மலையும் தெரியும். மணி அடிக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பெரிய மணிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது அடித்தால் நெஞ்சுக்கூடே அதிரும், சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதுவிடுவார்கள்.

கோபுரத்துக்கு அடியில இவ்ளோ பெரிய ஓட்டை விட்டு யாராவது கட்டுவாங்களா? எப்படி நிக்குது?

ஒரு கட்டடப் பொறியாளர் நண்பரோடு போனபோது அவர் கோயிலுக்குள் வராமல் அரைமணி நேரம் இந்த வளைவுக்கு அடியிலேயே நின்றிருந்தார். கோபுரத்தின் அடித்தளமே ஒரு உயரமான கூர்வளைவு. மக்கள் அதன் வழியாக நடந்து போகலாம், கோபுரம் இருந்தும் வழி அடைபடவில்லை.

மேலே உள்ள பாரத்தை வளைவு வாங்கி இரண்டு பக்கக் கால்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கூரான வளைவு அரைவட்டத்தைவிடப் பாரத்தை நேராகக் கீழே இறக்கும், பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. இன்னொன்றையும் பாருங்கள், மேலே போகப் போக ஜன்னல்கள் கூடிக்கொண்டே போகும். கீழ் அடுக்கில் இரட்டைத் திறப்பு, அதற்கு மேல் மூன்று, அப்படியே அதிகமாகும். அழகுக்காக மட்டும் இல்லை. உயரம் கூடக்கூடச் சுவரில் கல் குறைகிறது, பாரம் குறைகிறது, காற்றும் உள்ளே புகுந்து வெளியே போகிறது. மணிச் சத்தம் வெளியே போகவும் அந்தத் திறப்புகள் வேண்டும்.

கோயில் 1099ங்கறாங்க, கோபுரம் 1300கள்ல முடிஞ்சதுங்கறாங்க. எதுதான் சரி?

இரண்டும் சரி. கோயிலின் உடல் 12ஆம் நூற்றாண்டு வேலை. கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 14ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உச்சியைத் தொட்டது. பணம் வந்தால் கட்டுவார்கள், நின்றால் நிற்கும். நடுவில் ஆட்சியே மாறியது. கோயிலை ஆரம்பித்தபோது வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள், அப்புறம் ஜெர்மானிய வம்சத்து இரண்டாம் ஃபிரெடெரிக், அதற்கும் அப்புறம் பிரெஞ்சுக்கார ஆஞ்சூ வம்சம். அதனால் கோயிலின் சுவரில் அரைவட்ட வளைவும் கோபுரத்தின் அடியில் கூர்வளைவும் இருப்பதில் குழப்பம் இல்லை.

கோபுரத்தை 1950கள்ல பிரிச்சு மறுபடி கட்டினாங்களாமே. அப்போ அதைப் பழைய கோபுரம்னு சொல்றது பொய் இல்லையா?

கஷ்டமான கேள்வி. நடந்தது உண்மை. கோபுரத்தின் உறுதி மோசமாகி ஆபத்தான நிலைக்கு வந்ததால் 1950களில் அதைக் கழற்றி இறக்கி மறுபடி எழுப்பினார்கள். இப்போது நீங்கள் ஏறும் கோபுரம் ஒருமுறை தரைக்கு வந்து திரும்ப நின்றது.

என்னைப் பொறுத்தவரை பொய் இல்லை. வடிவம் அதேதான், உயரம் அதேதான், நிற்கும் இடமும் அதேதான். கண்முன்னே சரிந்து விழ விட்டிருந்தால் நமக்கு ஒரு கற்குவியலும் சில பழைய புகைப்படங்களும்தான் மிஞ்சியிருக்கும், கூடவே கோயிலின் முகப்பும் போயிருக்கும், ஒட்டித்தானே நிற்கிறது. ஆனால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது தவறு. நான் கூட்டிப்போகும் எல்லோரிடமும் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு யாரும் ஏமாற்றமாகத் திரும்பியதில்லை, இன்னும் கவனமாகக் கல்லைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

போட்டோ எங்க நின்னு எடுத்தா நல்லா வரும்?

முகப்பு மேற்கே பார்த்தது, அதனால் மாலை வெயிலில்தான் கல் பொன்னிறமாகும். கடல் பக்கத்து மாடங்களுக்குக் காலை வெளிச்சம். இரண்டும் வேண்டுமென்றால் நான் மேலே சொன்ன முழு நாள் கணக்குதான். துறைமுகத்தின் எதிர்ப்பக்கம் கடலோரமாக ஊர்ப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நடுவில் தண்ணீர், அந்தப் பக்கம் கோயில், உங்களுக்கு அந்த முழுப் படம் கிடைக்கும். உள்ளே ஃபிளாஷ் வேண்டாம், டிரைபாடும் வேண்டாம். பிரார்த்தனையில் இருப்பவர்களின் முகத்தை எடுக்காதீர்கள்.

சுத்துவட்டாரத்துல வேற என்ன பார்க்கலாம்?

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலை ஒட்டி இரண்டாம் ஃபிரெடெரிக் 1233ல் தொடங்கிய கோட்டை. 1974 வரை சிறையாக இருந்தது. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு யூதர் தெருவுக்குப் போங்கள். 12ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த யூதப் பயணி துதேலாவின் பெஞ்சமின், இந்த ஊரில் சுமார் 200 யூதர்கள் இருந்ததாகவும், எருசலேம் போகும் யாத்ரீகர்கள் கப்பல் ஏற இங்கே கூடுவதாகவும் எழுதி வைத்திருக்கிறார். பிறகு அவர்களின் தொழுகைக்கூடங்கள் தேவாலயங்களாக மாற்றப்பட்டன. அவற்றில் ஒன்றான ஸ்கோலாநோவா இந்த நூற்றாண்டில்தான் மறுபடி யூதர்களிடம் வந்தது. சின்னக் கட்டடம், ஆனால் இந்த ஊரின் கதையில் பேராலயத்துக்குச் சமமான இடம் அதற்கு உண்டு.

நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். அவரைப் பருப்பு மசியலும் கசப்புக் கீரையும் சேர்ந்த ‘ஃபாவே எ சிகோரியா’ புலியாவின் ஏழை வீட்டுச் சாப்பாடு, வயிறு நிறையும். தக்காளி வைத்த ஃபோகாச்சா எந்த பேக்கரியிலும் கிடைக்கும். காது வடிவத்து ஓரெக்கியெத்தே பாஸ்தாவைக் கீரையோடு கொடுக்கும்போது மட்டும் கேட்டு வாங்குங்கள், அதில் நெத்திலி மாதிரி உப்புமீனைக் கரைத்துப் போடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது, ‘சென்ஸா ஆச்சூகே’ என்று சொன்னால் இல்லாமல் செய்து தருவார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. பாரியில நிக்கோலா கோயிலா, திரானியா?

வேண்டுதலோடு வருகிறவர் என்றால் பாரி. அங்கே கூட்டம் இருக்கும், ரஷ்யாவிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் நிலவறையில் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள், அந்தச் சூடு வேறு. பார்க்க வருகிறவர், கட்டடமும் கடலும் பிடித்தவர், கொஞ்சம் தனியாக உட்கார ஆசைப்படுகிறவர் என்றால் தயங்காமல் திரானி. ரயில் அடிக்கடி இருப்பதால் சீக்கிரம் எழுந்தால் இரண்டையும்கூடப் பார்க்கலாம்: காலையில் பாரி, இரண்டு மணிக்கு ரயில், நான்கு மணிக்கு முன் திரானி நிலவறை, அப்புறம் முகப்பின் படியில் உட்கார்ந்து வெயில் இறங்கும்வரை. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் போன உடனேயே நிலையத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.